எட்டாம் படி: முகம்

ஏழு படிகளையும் கீறி முடித்த ஹனா, பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம். அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். எங்கள் சாய்ந்தமருது வீட்டின் முன் ஹோலில் ஒன்பது பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு சூப்பர் ஹீரோ கீறிக்கொண்டிருந்தார்கள். புதுக் கொப்பித் தாள் வாசமும், யாரோ ஒரு பிள்ளை பையில் ஒளித்துக் கொண்டுவந்த மரவள்ளிப் பொரியலின் மிளகாய்த்தூள் வாசமும் கலந்து கிடந்தன. மின்விசிறி தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தாள்கள் எழும்பி அடங்கின.

கரும்பலகையில் ‘எட்டாம் படி’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘முகம்’ என்று எழுதியிருந்தேன். மற்ற எட்டுப் பேரும் அந்தச் சொல்லுக்காகவே அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தவர்கள். விட்டால் போதும் என்று கண்ணும் வாயும் வைக்கத் தொடங்கினார்கள். ஹனா மட்டும் கொப்பியை மூடி, அதன்மேல் தாடையை ஊன்றிக்கொண்டு கிடந்தாள்.

எட்டு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அவள் கீறிய ஹீரோ ஒரு பெண். நீளமான சட்டையும் தொளதொளத்த காற்சட்டையும் போட்டிருந்தாள். தலையில் போட்ட சோல் துணியின் நுனியே பின்னால் பறந்து முதுகுத் துணியாகியிருந்தது. அந்த வயதில் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்காது.

“ஏன் புள்ள, முகம் வைக்கல்லியா?” என்று கேட்டேன்.

“வாப்பா வேணாம் எண்டு சொன்னார்.”

காரணம் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். கொஞ்சம் பொறுத்து அவளே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“முகம் இல்லாட்டி இவ எப்படிப் பறப்பா டீச்சர்? முன்னுக்கு என்ன கிடக்கு எண்டு தெரியாதே.”

இரண்டு மலையும் ஒரு சூரியனும்

டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்களே தவிர, நான் நியமனம் பெற்ற ஆசிரியை இல்லை. கல்முனையில் ஓர் அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்து கல்யாணக் காட், கடைப் பை, தேர்தல் நோட்டீஸ் எல்லாம் வடிவமைப்பது என் வேலை. இளவயதில் சித்திரம் படித்தவள் என்பதால், அக்கம்பக்கத்துத் தாய்மார் கேட்டு, சனிக்கிழமைகளில் இந்த வகுப்பைத் தொடங்கினேன்.

தொடங்கிய நாளில் இருந்து ஒரே படம்தான். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு. எங்கள் ஊரில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்புவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் கொப்பியில் அது மலைகளுக்கு நடுவில்தான் எழும்பும். நான் தோணி கீறக் கொடுத்தேன், தென்னை மரம் கொடுத்தேன், வயல் கொடுத்தேன். ஒரு நாள் ஒரு பொடிச்சி எழும்பி நின்று, தோணி கீறிக் கீறிக் கை நோகிறது, சூப்பர் ஹீரோ கீறுவோமா என்று கேட்டாள். எல்லாரும் அவள் பக்கம்.

என் வாழ்நாளில் நான் ஒரு சூப்பர் ஹீரோ கீறியதில்லை. அந்தக் கிழமை முழுக்க அச்சகத்தில் பழுதாகிப்போன தாள்களின் பின்பக்கத்தில் பழகினேன். என் மேசையைக் கடந்து போனவர்கள் எல்லாரும் ஒரு நமட்டுச் சிரிப்போடு போனார்கள்.

நிற்கிற கோடு

சின்னப் பிள்ளைகளுக்கு உருவம் கீறச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. எல்லாரும் முகத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். பெரிய வட்டம், அதில் இமை மயிர் வரை வைத்து முடித்துவிட்டுப் பார்த்தால், உடம்புக்குத் தாளில் இடம் இருக்காது. கால் இரண்டும் மடங்கி, ஹீரோ குள்ளனாகிவிடுவார். அழிப்பார்கள், தாள் கிழியும், அழுகை வரும்.

அதனால் முகத்தைக் கடைசிக்குத் தள்ளினேன்.

முதல் படி ஒரேயொரு கோடு. அதற்கு நான் வைத்த பெயர் ‘நிற்கிற கோடு’. ஆள் எப்படி நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லும் கோடு அது. நேராக நின்றால் நேர்க்கோடு, பாய்ந்தால் வளைந்த கோடு. இரண்டாம் படி, அதன் உச்சியில் தலைக்கு ஒரு முட்டை வடிவம். மூன்றாவது, நெஞ்சுக்குத் தலைகீழான முக்கோணம், இடுப்புக்குச் சின்னதாக இன்னொன்று. நான்காவது, கைக்கும் காலுக்கும் குச்சிகள், மடங்கும் இடங்களில் பட்டாணி அளவில் வட்டம். ஐந்தாவது, குச்சிகளுக்குச் சதை. ஆறாவது உடுப்பு, ஏழாவது நெஞ்சில் ஓர் அடையாளம். எல்லாம் முடிந்தால்தான் முகம்.

பிள்ளைகள் அருமையாகப் பிடித்துக்கொண்டார்கள். கல்முனையில் இருந்து வரும் கவின் தன் ஹீரோவின் கையில் வேலும் காலடியில் மயிலும் வைத்தான். இவர் திருக்கோவில் முருகன்தானே என்று கேட்டதற்கு, இல்லை, இவர் அவருடைய கூட்டாளி என்றான். வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை ஒன்றின் ஹீரோவுக்கு வேலையே யானை துரத்துவதுதான். யானையை அடிக்க மாட்டாராம். தூக்கிக்கொண்டு போய்க் காட்டுக்குள் பக்குவமாக இறக்கி வைப்பாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்பில்தான் ஹனா பென்சிலைக் கீழே வைத்தாள்.

கேற்றடியில்

அன்று வகுப்பு முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்த ஹனாவின் தகப்பனிடம் எங்கள் வாசல் கேற்றடியில் கதைத்தேன். நவாஸ் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதிவரும் தொடரின் இந்த அத்தியாயத்தில் அவர் வீட்டார் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கல்முனையில் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்திக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகத்தான் சொன்னார். உடம்பு கீறட்டும், உடுப்பு கீறட்டும், முகம் மட்டும் வேண்டாம்.

எனக்கு அது புதிதல்ல. உயிருள்ளவற்றை உருவமாகக் கீறுவது கூடாது என்று நினைக்கும் பெற்றோர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தாய் அதற்காகவே தன் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்து, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் வாதாடவில்லை. அவரவர் ஈமான் அவரவர்க்கு.

நவாஸின் வேண்டுகோளையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். அடுத்த சனிக்கிழமை பலகையில் எட்டாம் படியை அழித்து, ‘முகமூடி’ என்று எழுதினேன். வகுப்பே துள்ளியது. முகம் தெரியாத ஹீரோவுக்கு மதிப்புக் கூட என்று கவின் விளக்கம் சொன்னான். ஒரு தகப்பனின் மனதையும் நோகடிக்கவில்லை, ஒரு பிள்ளையின் படமும் பாதியில் நிற்கவில்லை என்று அன்றிரவு எனக்கு என்னைப் பற்றி நல்ல நினைப்பு.

இரண்டு கண்கள்

முகமூடியில் ஓட்டை வேண்டுமே. இல்லாவிட்டால் ஹனா கேட்டது போல, முன்னுக்கு என்ன கிடக்கு என்று எப்படித் தெரியும்? பிள்ளைகள் ஓட்டை வைத்தார்கள். ஓட்டைக்குள் கண் வைத்தார்கள்.

மூன்றாம் கிழமையோ நான்காம் கிழமையோ, ஹனாவின் கொப்பியைப் பார்த்து நான் அசந்துபோனேன். முகமூடிக்குள் இரண்டு கண்கள். பாதாங்கொட்டை போல நீண்டு, மேல் இமை கனத்து, கருமணிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியும் விட்டு, தேறிய கையால் கீறியது போல இருந்தன. எங்கே பழகினாய் என்று கேட்டேன். வீட்டில் என்றாள். ‘மிக நன்று’ என்று எழுதி, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் ஞாயிறு காலை, நவாஸ் தனியாக வந்தார்.

உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இருந்து ஹனாவின் கொப்பித் தாளை எடுத்தார். ‘மிக நன்று’ என்ற என் கையெழுத்து மேலே தெரிந்தது.

எனக்கு உள்ளுக்குள் சூடேறியது. இவ்வளவு விட்டுக்கொடுத்தும் போதாதா என்ற சூடு. அவர் வாய் திறக்கும் முன்பே நான் தொடங்கிவிட்டேன். கண் மட்டும்தானே, முழு முகம் இல்லையே, மார்க்க விசயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், வேண்டுமென்றால் இருவரும் போய் மௌலவியிடமே கேட்போம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “மார்க்கம் எண்டு நான் சொல்லல்லியே டீச்சர்” என்றார்.

உண்மைதான். அவர் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டது.

“உங்களுக்கு என்னைத் தெரியல்ல. எனக்கு உங்களைத் தெரியும். பள்ளிக்கூட முகாமில எண்ட தங்கச்சியைக் கீறித் தந்தது நீங்கதான்.”

பையில் இருந்து இன்னொரு தாளை எடுத்து, ஹனாவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, மஞ்சளித்துப்போன ஒரு பென்சில் படம். ஒன்பது வயதுச் சிறுமியின் முகம். கீழே என் பழைய கையெழுத்தில் ‘சுமையா’.

வெட்கத்தோடு ஒன்றை எழுத வேண்டும். அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை நினைவு வைத்திருக்கிறார், நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கடல் வந்துபோன பிறகு

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்தப் படங்களைப் பற்றித் தெரியும். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுனாமி வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. சித்திரம் படித்துக்கொண்டிருந்தவள், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே. தண்ணீர் எங்கள் ஒழுங்கையின் முடக்குத் திருப்பம் வரை வந்து நின்றுவிட்டது. வீதிக்குக் கிழக்கே இருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். உயிர் தப்பியவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நான் அங்கே சோற்றுப் பார்சல் கட்ட உதவிக்குப் போனேன்.

நான் படம் கீறுகிறவள் என்று கேள்விப்பட்டு ஒரு தாய் வந்தார். மகன் போய்விட்டான், போட்டோ அல்பமும் கடலோடு போய்விட்டது, பார்க்க ஒரு படம் இல்லை, கீறித் தருவாயா என்றார். பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, முகம் வட்டமா நீளமா, மூக்கு எப்படி, யாருடைய சாயல் என்று கேட்டுக் கேட்டுக் கீறினேன். தாய் அந்தத் தாளை முத்தமிட்டார். அடுத்த நாள் வகுப்பறை வாசலில் வரிசை நின்றது. ஒரு மாதத்துக்குள் இருபது இருபத்தைந்து முகங்கள் கீறியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சுற்றி நின்றவர்கள், ஓம், இவன்தான், இவள்தான் என்று அழுதார்கள்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். தொடரின் தொடக்கத்தில் அதைப் பெருமையாகவே எழுதினேன். வாசகர் பலர் பாராட்டி எழுதினார்கள். ஆனால் நவாஸ் என் வீட்டுக்கு வந்துபோனது அதை எழுதுவதற்கு முன்பு. தெரிந்துகொண்டுதான் மறைத்தேன். இந்த அத்தியாயம் அதற்கான திருத்தம்.

ஒரே மூக்கு

அப்போது நவாஸுக்குப் பதினாறு வயது. தாயும் தங்கையும் போய், தகப்பனும் அவரும் மிஞ்சினார்கள். வரிசையில் நின்று, தங்கையின் முகத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார். வட்ட முகம், பெரிய கண், நெற்றியில் சுருள்முடி. நான் கீறி முடித்ததும் சுற்றி நின்ற சின்னம்மா முறைச் சாச்சிமார் ஓம், அவள்தான் என்றார்கள். நான் அவரைப் பார்த்து, சரியா தம்பி என்று கேட்டேனாம்.

அது அவள் இல்லை. எது பிழை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் முதுகு வளைத்துக் கீறிய என்னிடம் சொல்ல மனமும் வரவில்லை. தலையாட்டிவிட்டார்.

படத்துக்கு உறை போட்டு வைத்துக்கொண்டு தினமும் பார்த்தார். பார்க்க வேறு ஒன்றும் இல்லை. ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ போன பிறகு, ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது தங்கையை நினைக்கக் கண்ணை மூடியிருக்கிறார். வந்தது படம். மறுபடியும் முயன்றார். மறுபடியும் படம்தான்.

“கண்ணை மூடினா நீங்க கீறின புள்ளதான் வருது டீச்சர். அவள் வாறாளில்ல.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கிழித்துப் போடவும் அவரால் முடியவில்லை. தங்கையின் பெயர் எழுதிய ஒரே தாள் வீட்டில் அதுதான். அலுமாரிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். ஹனா அதைக் கண்டெடுத்து, யார் என்றும் தெரியாமல், அழகான படம் என்று பார்த்துக் கீறத் தொடங்கியிருக்கிறாள். முகம் வேண்டாம் என்று அவர் சொன்னது அதற்காகத்தான். அவள் முகமூடிக்குள் வைத்த கண்கள் என் கண்கள். நான் ‘மிக நன்று’ எழுதியது எனக்கே.

“ஹனா அவளை உரிச்சு வச்ச மாதிரி எண்டு சாச்சிமார் எல்லாம் சொல்லுறாங்க. மகளைப் பார்த்திட்டு, ஓம் எண்டும் இல்ல எண்டும் எனக்குச் சொல்லத் தெரியல்ல. அதுதான் டீச்சர் எனக்குத் தாங்க ஏலாம இருக்கு.”

மேசையில் கிடந்த சுமையாவைப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்நியரின் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன். மூக்கு, சித்திரப் படிப்பின் முதலாம் வருடத்தில் எனக்குப் பழக்கிய மூக்கு. சாந்துச் சிலையைப் பார்த்துப் பழகிய அதே நேர் மூக்கைத்தான் அந்த ஒரு மாதமும் எல்லார் முகத்திலும் வைத்தேன். மீன்பிடித் தொழிலாளியின் மகனுக்கும், கடைக்காரரின் மனைவிக்கும், இந்தச் சிறுமிக்கும் அதே மூக்கு. சனங்கள் அழுதது என் கைத்திறமைக்காக இல்லை. அவர்கள் அழுவதற்கு ஒரு தாள் தேவைப்பட்டிருந்தது.

மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

“நீங்க என்ன செய்வீங்க டீச்சர். ஓம் எண்டு தலையாட்டினது நான்தானே” என்று சொல்லிவிட்டு, இரண்டு தாள்களையும் எடுக்கக் கையை நீட்டினார்.

எப்படி நிப்பா?

அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நிற்கிற கோட்டுக்காகப் பல கிழமைகளாகப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டிப்போன கேள்வி என்பதாலாக இருக்கலாம்.

“அவ எப்படி நிப்பா?” என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. பள்ளி விட்டதும் உங்களுக்காக எங்கேயாவது நின்றுகொண்டிருப்பாளா, அப்போது எப்படி நிற்பாள் என்று விளக்கமாகக் கேட்டேன்.

பள்ளி கேற்றடியில்தான் நிற்பாள் என்றார். இவர் சைக்கிளில் போய் ஏற்றிவர வேண்டும். எப்போதும் பிந்தித்தான் போவார். அவள் கோபத்தோடு நிற்பாள். எப்படிக் கோபத்தோடு என்றேன். சொல்லத் தெரியாமல் எழும்பி நின்றார்.

அந்தப் பெரிய மனிதர் என் வீட்டு ஹோலின் நடுவில் நின்று, முதலில் ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் பாதத்தின்மேல் வைத்தார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு அவருடைய கை இரண்டும் தாமாக மேலே போய் நெற்றியைப் பிடித்தன. அவரே திகைத்துப் போனார்.

“பை,” என்றார். “பையைத் தோளில போடமாட்டாள். வாரை நெத்தியில கொழுவி முதுகில தொங்க விட்டுக்கொண்டு நிப்பாள். நான் இதை மறந்தே போயிட்டன்.”

நான் பென்சிலை எடுத்தேன். முகம் இல்லை, தலையும் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்துக் காட்டினேன்.

இல்லை என்றார். இன்னும் சாய்வு.

அழித்துவிட்டு இழுத்தேன். அவ்வளவு இல்லை என்றார். மூன்றாம் கோட்டைக் குனிந்து பார்த்தார். தலைக்கு முட்டை வடிவம் வைத்தேன். முன்னுக்குத் தள்ளச் சொன்னார், பை இழுக்கிறதல்லவா. நெஞ்சு, இடுப்பு. முழங்கால் மடிப்பில் பிழை பிடித்தார். பை இன்னும் கீழே தொங்க வேண்டும் என்றார். சட்டை நீளம் போதாது, சாச்சியின் மகளுடைய பழைய சட்டை அது, முழங்காலுக்குக் கீழே கிடக்கும் என்றார். கதவு நிலைக்கு அளவெடுக்கிற ஆள் அல்லவா, விரலை வைத்து வைத்துக் காட்டினார். பதினாறு வயதில் சொல்லாமல் விட்ட இல்லைகளை எல்லாம் அன்று காலை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அழித்து அழித்துக் கீறினேன். ஓர் இடத்தில் தாள் கிழிந்தது. புதுத் தாள் எடுத்துத் தொடங்கினேன்.

நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஏழாம் படி முடிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள்.

“இது அவள்தான்,” என்றார். இந்தத் தடவை சுற்றி யாரும் நிற்கவில்லை.

முகமூடி ஏதாவது போடவா என்று கேட்டேன்.

“வேணாம். அப்பிடியே கிடக்கட்டும்.”

புதுப் படத்தை எடுத்துக்கொண்டார். பழையதை என் பக்கம் தள்ளி, இது உங்களிடமே இருக்கட்டும் என்றார். என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. பார்ப்பதில்லை.

மிச்ச முகங்கள்

இதை எழுதுவதற்கு அவரிடம் சம்மதம் கேட்டேன். எழுதுங்கள் என்றார். தங்கையின் முகம் வந்துவிட்டதா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பையோடு நிற்கிறாள். சில நேரம் சைக்கிளில் பின்னால் ஏறி இருக்கும் பாரமும் தெரிகிறது. முகத்தைக் காட்டத்தான் திரும்புகிறாளில்லை. பரவாயில்லை என்றார்.

மற்ற இருபத்துச் சொச்சம் படங்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. முதன்முதலில் மகனைக் கீறச் சொன்ன தாயைச் சந்தையில் ஒரு தடவை கண்டேன். என்னைக் கட்டிப்பிடித்து, படம் பத்திரமாக இருக்கிறது என்றார். சரியாக இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாசிப்பவர்களில் யாரிடமாவது அப்படி ஒரு படம் இருந்து, அது அவர் இல்லை என்று மனம் சொன்னால், என்னிடம் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். முகத்தை என்னால் திருப்பித் தர ஏலாது. எப்படி நின்றார் என்று சொன்னால், அதையாவது கீறிப் பார்க்கலாம்.

கேற்றடியில் நின்றவள்

நவாஸ் வந்துபோன அடுத்த சனிக்கிழமை ஹனா வழமையை விட வேளைக்கே வந்துவிட்டாள். தனக்கு ஒரு மாமி, வாப்பாவின் தங்கை, இருந்த கதையை வாப்பா முழுக்கச் சொன்னதாகச் சொன்னாள். முகமும் கீறலாமாம், அந்தப் பழைய படத்தைப் பார்த்து மட்டும் வேண்டாமாம்.

அன்றைய அவளுடைய ஹீரோ பறக்கவில்லை. பை வாரை நெற்றியில் கொழுவி, ஒரு காலின்மேல் மற்றக் காலை வைத்து நின்றாள். முகத்தில் இரண்டு பல் இல்லாத சிரிப்பு. சோல் மட்டும் காற்றில் பறந்தது.

கவின் தவழ்ந்து வந்து எட்டிப் பார்த்தான். “இவ ஏன் பறக்கல்ல?”

“பள்ளி விட்டிட்டு. அவட காக்கா சைக்கிளில ஏத்திப்போக வரும்வரைக்கும் நிக்கிறா.”

“அப்ப இவட பவர் என்ன?”

ஹனா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “எவ்வளவு நேரமெண்டாலும் நிப்பா,” என்றாள்.

கவினுக்கு அது நல்ல பவராகவே பட்டிருக்க வேண்டும். தனக்கும் அப்படிக் கால்மேல் கால் வைத்து நிற்கும் ஆளைக் கீறப் பழக்கச் சொன்னான். மற்றவர்களும் கேட்டார்கள். நான் பலகையில் நிற்கிற கோட்டை இழுத்து, படிப்படியாகக் கீறிக்கொண்டு போனேன். நான்காம் படியில் கால்களை வைத்தபோது பின்னால் இருந்து ஹனாவின் குரல் கேட்டது.

“டீச்சர், கால் பிழை. மேலுக்கு வாறது இடது கால்.”

வலது கால்தான் மேலே என்று எனக்கு நினைவு. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. மகளைக் கூட்டிப்போக வந்த நவாஸ், மற்றத் தாய் தகப்பன்மாரோடு கேற்றடியில் நின்றுகொண்டிருந்தார். எது சரி என்று அவரிடம் கேட்டேன்.

செருப்பைக் கழற்றினார். அவ்வளவு பேருக்கும் நடுவில் மணலில் நின்று, இடது காலைத் தூக்கி வலது பாதத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.

“ஹனா சொல்லுறதுதான் சரி டீச்சர்.”

நான் காலை அழித்துவிட்டுத் திருப்பிக் கீறினேன்.